கன்றையும் கேட்ட ஆராச்சி

பசுவின் மேல்தான் பிழை. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கயிறு அறுந்து ஆராச்சியின் தோட்டத்துக்குள் இறங்கி, போஞ்சிப் பாத்தியை ஒரு வழி பண்ணிவிட்டது. அவர் ஊர்த் தலைமைக்காரர். அலைகிற மாட்டைப் பிடித்து, விசாரணை வரைக்கும் தன் பட்டியில் கட்டிவைக்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அவருக்கு அதிகாரம் இருந்தது.

கம்பளையில் எங்கட வீட்டுக்கு அந்த ஒரு பசுதான் சீவியம். என் புருஷன் காய்ச்சலில் படுத்து இரண்டு மாதம். பால் விற்றால்தான் உலை ஏறும்.

அன்று பின்னேரமே ஆராச்சியின் ஆள் வந்து, தாயைத் தேடிக் கத்துகிற கன்றையும் தரச் சொன்னான். ஆராச்சிக்குப் பாவமாக இருக்கிறதாம். மனிசனுக்கு என்ன இரக்கம் என்று நானும் மடைச்சி மாதிரி அவிழ்த்துக் கொடுத்தேன். அவருக்காக துஆ வேறு கேட்டேன்!

ஐந்தாம் நாள் கன்சபா என்கிற கிராமக் கோர்ட்டில் விசாரணை. எங்கட பெண்கள் அந்தப் படி ஏறுவதில்லை என்று சொந்தக்காரர் தடுத்தார்கள். அவர்களா எனக்குச் சோறு போடுகிறார்கள்? முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போனேன். முற்றத்தில் பசுவையும் கன்றையும் தனித்தனியாகக் கட்டியிருந்தார்கள். கன்றின் விலா எலும்பை எண்ணலாம்.

பிடித்ததைக் குற்றம் சொல்லவில்லை, கறந்ததுதான் குற்றம் என்றேன். ஆராச்சி சிரித்தார். தான் மடியில் கையே வைக்கவில்லை, அத்தனை பாலையும் கன்றுதான் குடித்தது என்றார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விசாரிக்கிற ஐயாவிடம் சொன்னேன்: "கன்று முட்டாட்டி எங்கட பசு ஒரு சொட்டும் சுரக்காது ஐயா. அதுக்குத்தான் இவர் கன்றைக் கேட்டார். தாயின்ட பால் முழுக்கக் குடிச்ச கன்று இப்படியா இருக்கும்?"

அவரும் மாடு வளர்த்தவர் போல. இறங்கி வந்து கன்றை அவிழ்த்துவிட்டார். அது ஓடிப்போய் முட்டியது, முட்டியது, வெறும் மடி. காலையிலும் கறந்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"பிடிக்க உனக்கு உரிமை இருந்தது. பாலில் என்ன உரிமை?" என்று ஐயா கேட்டார். கறந்த பாலே போஞ்சிக்கு ஈடு, எனக்குத் தண்டம் இல்லை என்று தீர்த்தார். பசுவை ஆராச்சியே கொண்டுபோய் என் முற்றத்தில் கட்ட வேண்டும் என்றார்.

பட்டப்பகலில் ஆராச்சி கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். பின்னால் கன்றோடு நான். சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. ஆள் நடமாட்டமில்லாத ஆற்றோரக் குறுக்குப் பாதையில் அவர் திரும்ப முயன்றார். விடுவேனா?

"கடைத்தெருவால போங்க மாத்தயா," என்று மரியாதையாகவே சொன்னேன்.