கணவர்கள் பச்சையான கதை

முன்னேறியவர்களின் வாழ்க்கை வரலாறுகளுக்குப் பஞ்சமில்லை. பின்னால் நடந்தே குடும்பத்தைக் காப்பாற்றியவரைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

ஊரில் அவருக்கு வளையம் என்று பெயர். பழைய பெட்டி டிவிகளையும் கம்ப்யூட்டர் மானிட்டர்களையும் பழுது பார்ப்பவர். அந்தக் குண்டுத் திரைகளுக்குக் காந்தம் ஆகாது. பக்கத்தில் ஒரு காந்தம் குடியேறினால் போதும், செய்தி வாசிப்பவரின் கன்னத்தில் ஊதா ஏறிவிடும். காந்தத்தை எடுத்த பிறகும் கறை மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிடும். அதை வெளியேற்றத்தான் செம்புக் கம்பி சுற்றிய அந்த வளையம். கரண்டில் சொருகி, திரைக்கு முன்னால் பிடித்து, பித்தானை அழுத்தி, வட்டமாகச் சுற்றிக்கொண்டே அடி அடியாகப் பின்வாங்க வேண்டும். தூரமாகப் போய் வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பிய பிறகே பித்தானை விடலாம். பாதியில் விட்டால் பழைய கறை போய்ப் புதுக்கறை வந்து உட்கார்ந்துகொள்ளும். சின்ன வீடுகளில் அவர் டிவி முன்னால் ஆரம்பித்து, வாசலைத் தாண்டி, எதிர்வீட்டுக்காரரிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் முடிப்பார். வயரை அதற்கேற்ப நீளமாகவே வைத்திருந்தார்.

ஊரார் வீட்டுக் கறையையெல்லாம் கண்டுபிடித்த இந்த நிபுணர், தன் வீட்டுக் கூடத்தில் தொங்கிய படத்தில் தன் முகமே பச்சையாக இருந்தபோது டாக்டரிடம் போனார். கல்யாண நாளுக்கு மைத்துனரின் ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. அதில் மனைவி ஜொலித்தார், இவர் கொத்தமல்லிக் கட்டு மாதிரி நின்றார்.

"நேர்ல மட்டும் என்ன, ரோஸாவா இருக்கீங்க?" என்றார் மனைவி.

உடம்பில் ஒரு கோளாறும் இல்லையென்று டாக்டர் சொன்னார். இவர் நம்பவில்லை. வற்புறுத்திச் சத்து மாத்திரை வாங்கி விழுங்கிவந்தார்.

ஒரு நாள் காலையில் மைத்துனர் படங்களை அள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"மாமா, கடையை மூடிடலாம்னு இருக்கேன்."

"டீ குடிச்சிட்டு மூடு மாப்ள."

மைத்துனர் மேலே இருந்த படத்தை எடுத்து நீட்டினார். பேங்க் மேனேஜரும் அவர் மனைவியும். அம்மாள் முழுநிலவு. மேனேஜர் பச்சை.

"மூணு தடவை திருப்பி அனுப்பிட்டார். நாளைக்கும் இப்படியே வந்தா பேங்க் குரூப் போட்டோ மொத்தமும் எதிர்க்கடைக்குப் போயிடும். அதை நம்பித்தான் வாடகையே இருக்கு. மையை மாத்திப் பார்த்தேன், தாளை மாத்திப் பார்த்தேன். திரையில தங்கமா இருக்கார் மாமா. தாள்ல வந்தா தவக்களை."

"மத்த ஜோடியெல்லாம்?"

"எல்லாப் புருஷனும் பச்சைதான். பொண்டாட்டிங்களுக்கு ஒண்ணும் ஆகல. கல்யாணமான ஆம்பளை உடம்பே அப்படித்தான் போல."

"புருஷனை எந்தப் பக்கம் நிக்க வைப்ப?"

"இடது பக்கம். எப்பவும்."

வளையம் தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்தார். விழுங்கிய மாத்திரைகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின.

ஸ்டுடியோவில் படங்களுக்கு நிறம் திருத்தும் அறைக்குள் அதுவரை அவருக்கு அனுமதி கிடையாது. நிறம் கலைஞன் சமாசாரம், மெக்கானிக் சமாசாரம் அல்ல என்பது மைத்துனரின் கொள்கை. வாடகை பயத்தில் கொள்கை கதவைத் திறந்துவிட்டது. உள்ளே குண்டுத் திரை மானிட்டர். அதன் இடது பக்கத்தில், உரசிக்கொண்டு, கன்றுக்குட்டி சைஸில் ஒரு ஸ்பீக்கர். அதன் வயிற்றுக்குள் எவ்வளவு பெரிய காந்தம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஸ்பீக்கர் மேல் ஒட்டியிருந்த சீட்டையும் படித்தார்: 'தம்பி கடை திறப்புக்கு, அன்புடன் அக்கா.'

கறையைக் கண்டுபிடிப்பது ஒரு தொழில். கண்டுபிடித்ததை வீட்டில் சொல்வது வேறு தொழில். அதை அவர் கற்கவில்லை.

"வளையத்தைச் சுத்த இடம் வேணும்" என்று முணுமுணுத்து ஸ்பீக்கரைத் தூக்கி அறைக்கு வெளியே வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வளையத்தை எடுத்தார். சுற்றினார், பின்வாங்கினார், கறுப்புத் திரைச்சீலையைத் தாண்டிப் படம் எடுக்கும் அறைக்குள் முதுகைக் காட்டி நுழைந்தார். பாஸ்போர்ட் படத்துக்காக முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஒருவர் அங்கே காத்திருந்தார்.

"அசையாதீங்க, நான் தாண்டிப் போயிடறேன்" என்று அவருக்கு ஆறுதல் சொல்லி, அந்தப் பக்கச் சுவர் வந்ததும் பித்தானை விட்டார்.

உள்ளேயிருந்து மைத்துனரின் அலறல் கேட்டது. திரையில் மேனேஜர் பச்சைப் பசேலென்று நின்றார்.

"தங்கமா இருந்தாரே மாமா. திரையிலயும் பச்சையாக்கிட்டீங்களே." மைத்துனர் உடனே அக்காவுக்குப் போன் போட்டார். மனைவி காய்கறிப் பையோடு நேரே வந்து இறங்கினார்.

"என்னங்க பண்ணீங்க?"

"சரி பண்ணேன்."

"சரி பண்ணதுக்கா அவன் அழறான்?"

வளையம் மேனேஜரின் படத்தை எடுத்துத் திரை ஓரமாகப் பிடித்தார். தாளில் இருந்த பச்சையும் திரையில் இருந்த பச்சையும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன.

"இந்தத் திரை இடது பக்கம் யார் வந்தாலும் ஊதாவா காட்டியிருக்கு. ஊதாவை மறைக்க நீ பச்சையை ஊத்தியிருக்க. அந்தப் பச்சைதான் தாள்ல வந்துச்சு. இப்பத்தான் திரை உண்மையைச் சொல்லுது. நீ கை வைக்காத படத்தைத் திற மாப்ள."

திறந்தார். மேனேஜர் தன் சொந்த மாநிறத்தில், எல்லா மேனேஜர்களையும் போல அலுத்துப்போய் நின்றார்.

"அப்ப ஆம்பளை உடம்பு?" என்றார் மைத்துனர்.

"உன் கைவண்ணம்."

மனைவி விடவில்லை. "திரைக்கு ஏன் அப்படி ஆச்சு?"

"காந்தம் பக்கத்துல இருந்தா ஆகும்."

"இங்க எங்க காந்தம்?"

வளையம் மின்விசிறியை ஆராய்ந்தார். "இவ்வளவு நல்ல ஸ்பீக்கரை இந்த இருட்டுல வெச்சிருக்கானே. வாசப்பக்கம் வெச்சா நாலு பேர் பாட்டுக் கேட்பாங்க."

"நான் குடுத்ததாலதான்னு நேரா சொல்லுங்களேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"உங்க மூஞ்சி சொல்லுது. பச்சையாவே சொல்லுது."

மைத்துனர்தான் முதலில் சிரித்தார்.

மறுநாள் மேனேஜர் தன் படத்தை வாங்கிப் பார்த்து, தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டு, குரூப் போட்டோவுக்குத் தேதி கொடுத்தார். ஸ்பீக்கர் வாசப்பக்கம் போய்ப் பாடியது. வளையத்தின் வீட்டுக் கூடத்திலும் புதுப்படம் ஏறியது. மனைவி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சையில இன்னும் கொஞ்சம் இளமையா இருந்தீங்க."

அவர் மிச்ச மாத்திரைகளைக் குப்பையில் போட்டார். வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்தை மனைவி பக்கமே வைத்து, தொழில் முறைப்படி பின்னாலேயே நடந்து வாசலுக்குப் போனார்.