கடைசி வளைவும் ஷிப்ட் பஸ்ஸும்

பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு படகில் துணைக்குப் போகும் அம்மா என்பது சம்பளமில்லாத உத்தியோகம். வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஆளில்லை.

எங்கள் சுரங்க டவுன்ஷிப் பள்ளியில் வெளிப்புறக் குழு என்று ஒன்று உண்டு. பிச்சாவரம் பக்கத்து அலையாத்திக் காட்டுக் கால்வாய்களில் பிள்ளைகளே துடுப்புப் போட்டு கேனோ என்கிற ஒடுங்கலான படகில் போவார்கள். பெண் பிள்ளைகள் வந்தால் ஒரு அம்மாவும் வரவேண்டும் என்பது பள்ளியின் சட்டம். மற்ற அம்மாக்களுக்கு மூட்டுவலி, மாமியார், சீரியல் என்று ஆயிரம் காரணம். தலைமையாசிரியையிடம் இங்கிலீஷில் பேசித் தொலைத்த பாவத்துக்கு நான் மாட்டினேன். என் பையன் கோச்சிங் கிளாஸ் என்று குழுவிலிருந்து கழன்றுகொண்டான். என்னைத்தான் யாரும் விடுவிக்கவில்லை. இப்படி எதிலாவது மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குழம்பு

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்குக் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். துடுப்பு பிடிக்க யாரும் சொல்லித்தரவில்லை. முதல் தடவை என்னைப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள். படகைத் திருப்புகிற வேலை பின்னால் இருப்பவருக்குத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? படகு ஆட்டுக்கல் குழவியைப் போல ஒரே இடத்தில் சுற்றியது. முன்னால் பிளஸ் ஒன் படிக்கிற பவித்ரா; சிரிப்பை அடக்கி அடக்கி அவள் தோள் குலுங்கியது. வழிகாட்டி வந்த படகுக்காரர் அடக்கவெல்லாம் இல்லை.

"யம்மா, அடிபுடிச்சிடும்னு கிண்டிகினே இருக்கீங்களே, இது தண்ணிம்மா, கொழம்பு இல்ல!"

கரையிலிருந்து பார்த்த கடல்

அன்றே என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பவித்ரா பின்னால் போய்விட்டாள். அதற்குப் பிறகு எப்போதும் நாங்கள் இருவரும் ஒரே படகு. கால்வாயின் கடைசி வளைவில் திரும்பினால் கடல் தெரியும் என்று படகுக்காரர் சொல்லியிருந்தார். பவித்ராவுக்கு அதே பைத்தியம். ஒவ்வொரு தடவையும், "ஆன்ட்டி, இன்னிக்காவது போயிடலாமா?" என்பாள். எனக்குப் பொறுமை ஏது? கடலூர் பீச்சில் பார்க்காத கடலா என்று கேட்டுவிட்டேன்.

"கரையில நின்னு பாத்திருக்கேன் ஆன்ட்டி. தண்ணி மேலயே போய்ப் பாத்ததில்ல."

ரிலீவர்

ஒரு தடவை வளைவுக்குப் பாதி தூரம் வந்துவிட்டோம். பி.டி. சார் துடுப்பை ஆள் மாற்றச் சொல்லி விசில் ஊதினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் மாற்றச் சொன்னால் என்ன ஆகும்? சுரங்கத்தில் அடுத்த ஷிப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நின்று பொறுப்பெடுத்த பிறகுதான் மெஷினை விட்டு இறங்கவேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அப்பாக்களிடம் கேட்டு வளர்ந்த பாடம் அது. இரண்டு பையன்கள் நடுத்தண்ணீரில் எழுந்து நின்று, "செகண்ட் ஷிப்ட் வந்தாச்சு, சார்ஜ் எடுத்துக்கறேன்" என்று முறைப்படி துடுப்பைக் கைமாற்றினார்கள். படகு கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் இருந்தது, தண்ணீரும் இடுப்பளவுதான். ஆனாலும் சேறு பூசிய இரண்டு எருமைக்கன்றுகளோடு எங்கே கடல் பார்ப்பது? திரும்பினோம். சாயங்காலம் ஒருவனுடைய அப்பாவிடம் புகார் சொன்னேன். மனிதர் பையனைத் திட்டுவார் என்று பார்த்தால்:

"கையில குடுக்காம எப்படிங்க மேடம் சீட்ட வுட்டுட்டு வர்றது?"

ஹாரன்

எங்களை ஏற்றிவந்தது சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் கான்ட்ராக்ட் பஸ். செகண்ட் ஷிப்டுக்கு முன்னால் அது டவுன்ஷிப்பில் நின்றாக வேண்டும். வளைவு கண்ணுக்குத் தெரிகிற நேரம் பார்த்துக் கரையிலிருந்து ஹாரன் கேட்கும். பிள்ளைகள் துடுப்பைத் தூக்கிவிட்டு உச்சுக்கொட்டுவார்கள். ஒருநாள் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் பொறுத்தால் குடியா முழுகிவிடும், ஒரு பெண் கடல் பார்க்க ஏங்குகிறது என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கடலு எங்கயும் போவாதுங்க. செகண்ட் ஷிப்டு போயிடும்."

கடைசி வளைவு

பவித்ரா பிளஸ் டூ முடிக்கிற வருஷமே அவள் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டுச் சொந்த ஊரான தேனிப் பக்கம் போகிறார்கள். அவளுடைய கடைசிப் பயணத்துக்கு நான் பி.டி. சாரோடு சண்டை போட்டு தனி வேன் பிடிக்கவைத்தேன். ஷிப்ட் இல்லை, ஹாரன் இல்லை. போட்டேன் துடுப்பு. எதிர்க்காற்று; மற்ற படகுகள் பின்தங்கின. வளைவுக்கு இந்தப் பக்கம் வந்தபோது 'ஹோ' என்று அலைச்சத்தம் கேட்டது. அதற்குள் என் வலது தோள் விட்டுப்போயிற்று. வாயைத் திறப்பேனா? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பின்னாலிருப்பவளுக்கு என் துடுப்பு தண்ணீரில் சரியாக இறங்காதது தெரியுமே. கேட்காமல் கொள்ளாமல் படகைத் திருப்பிவிட்டாள். "யாரடி திருப்பச் சொன்னது? போ, நேரா போ!" என்று கத்தினேன். என் அதட்டலுக்கு எங்கள் பிளாக்கே அடங்கும். அவள் அடங்கவில்லை.

"சத்தம் கேட்டுச்சுல்ல ஆன்ட்டி, போதும். நீங்க துடுப்ப வைங்க, நான் ஓட்டிடறேன்."

பவித்ரா வீட்டில் இப்போது வேறு குடும்பம். தோள் சரியாகி, போன தடவை நானே பின்னால் உட்கார்ந்து அந்த வளைவைத் திருப்பினேன். கடல் இருந்தது, நீளமாக, வெள்ளையாக. முன்னால் இருந்த புதுப்பெண் போனில் படம் எடுத்தாள். பவித்ரா பார்க்காத கடல்; எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கடல் எங்கேயும் போகாது என்று டிரைவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிள்ளைகள் போய்விடுவார்கள் என்பதைத்தான் அந்த மனிதர் வெற்றிலையோடு சேர்த்துத் துப்பிவிட்டார்.