வரதராசாவின் சிகரெட் தாள்

வரதராசா சிகரெட் தாளை நக்கி ஒட்டுவதில்லை. விரல் நுனியில் பசை தொட்டு, மரக்குச்சியில் சுற்றி, விளிம்பை நகத்தால் நீவிவிட்டு, ஒஸ்லோவின் ட்வெய்ட்டா பகுதியிலுள்ள தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்துகிறார். ஒன்று கோணினாலும் பிரித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுப்பார். எதிரே வெங்காயம் உரிக்கும் மனைவி தேவிகாவுக்கு, இந்தச் சனிக்கிழமைக் கூத்து ஒரு வருடமாகியும் பிடிபடவில்லை.

முதன்முதலில் அவருடைய ஜக்கெற் பையில் அந்தத் தாளைக் கண்டபோது, சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "எத்தினை நாளாய் ஊதுறியள்?" என்று கேட்டாள்.

"ஊதுறதோ? இஞ்சேர், இது தோட்டாவுக்கு."

அவரோடு பஸ் ஓட்டும் நொர்வேக்காரர் ஒருவர் அவரைத் துப்பாக்கிச் சுடுகழகமொன்றில் சேர்த்துவிட்டிருந்தார். அங்கே பழங்காலத்து ரிவால்வர்கள். கரிய வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் இந்தத் தாள்குழலில் அடைத்துத்தான் அவற்றில் போடுவார்களாம். இதற்குச் சிகரெட்டே பரவாயில்லை என்று தேவிகாவுக்குத் தோன்றியது.

புதுவருடத்துக்கு ஒஸ்லோ முழுக்க வாணம் விடும்போது, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற மனிதர் இவர். வெடிச்சத்தத்துக்குத் தப்பி ஊரைவிட்டு வந்தவருக்குத் தோட்டாவோடு என்ன உறவு? ஏனென்று கேட்டால், "சுத்திறது வடிவாய் வருது" என்பார். அவளுக்கு உள்ளூரப் பயம். "துவக்கு இந்த வீட்டுக்குள்ளை வந்தால் நான் வெளிக்கிட்டிடுவன், சொல்லிப்போட்டன்!"

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், கண்ணால் பார்த்துவிடுவதென்று அவளும் கூடப் போனாள். திடலில் எல்லோருக்கும் காதுக்கவசம் கொடுத்தார்கள். கழகத்தில் வைத்து மருந்தும் குண்டும் அடைத்த தோட்டாக்களில் ஆறை வரதராசா அந்தச் சிநேகிதரிடம் நீட்டினார். துவக்கைத் தொடவே இல்லை. விறுவிறென்று பின்னுக்கு வந்து, கவசத்தின் மேலேயே இரண்டு கைகளாலும் பொத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆறும் வெடித்தன.

"பாத்தீரே, ஒண்டும் பிசகேல்லை!" முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்கள் சுடுறேல்லையோ?"

"எனக்கென்னத்துக்கு? சத்தம் ஒத்துவராதெண்டு உமக்குத் தெரியுந்தானே."

நிம்மதியில் சிரிப்பதா, அழுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. முன்னைவிட இப்போதுதான் கூடக் குழம்பியது. அதற்குள் சிநேகிதர் அடுத்த ஆறையும் போட்டுக்கொண்டு துவக்கை உயர்த்தினார். வரதராசா காதைப் பொத்தினார், கண்ணை மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, கண்ணைத் திறக்காமலே தன் கைகளை எடுத்து, தேவிகாவின் காதுகளைப் பொத்தினார்.