ஜன்னல் மேடையில் கிடந்த செல்போன்

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அப்போது திருப்பூரில் எச்ஐவி தடுப்புக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு வந்த ஆண்களிடம் பேசுவதும் ஆணுறை கொடுப்பதும் என் வேலை. ஒருநாள் அதிகாரி புதுத் திட்டத்தோடு வந்தார். இனி ஆண்களின் செல்போனுக்கு வாராவாரம் குறுஞ்செய்தி போகும். "பேரைப் போட்டு அனுப்புனா ஒரு நெருக்கம் இருக்குமுங்க" என்றார். ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் தோன்றும்.

அவிநாசி சாலைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஐந்து டெய்லர்கள் தங்கியிருந்தார்கள். ஐவருக்கும் சேர்த்து ஒரே போன். ஜன்னல் மேடையில்தான் டவர் கிடைக்கும் என்பதால் அது அங்கேயே கிடக்கும். யார் கைக்கு எட்டுகிறதோ அவர் எடுத்து, வந்த சேதியை உரக்கப் படிப்பார். பாதி அறைகளில் அதுதான் வழக்கம். எனக்கும் அது தெரியும். தெரிந்தும், அவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் சொன்ன எண்ணை, யாருடைய போன் என்று கேட்காமலே படிவத்தில் எழுதிக்கொண்டேன். அந்த அறையில் என்னிடம் ஆணுறை கேட்டு வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

ஒரு ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்திருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி, எச்ஐவி பரிசோதனைக்கு வரச் சொல்லும் செய்தி. ஒருவர் உரக்கப் படித்துவிட்டார். சற்று நேரத்தில் திருநெல்வேலிக்காரருடைய தட்டும் பாயும் வாசலுக்கு வந்துவிட்டன. அவரோடு சேர்ந்து பெண்களைத் தேடி அதே இடங்களுக்குப் போய்வந்த யோக்கியர்கள்தான் தூக்கிப் போட்டார்கள். கான்ட்ராக்டரிடம் சொல்லி வேலையையும் கெடுத்தார்கள்.

அவர் அதுவரை பரிசோதனையே செய்துகொண்டதில்லை. பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"வாங்க தம்பி, ஒரு டெஸ்ட் எடுத்துருவோமுங்க. ஒண்ணுமில்லீன்னு சீட்டைக் காட்டலாமுங்க."

"கேட்டு வாங்குனவன் நான் ஒருத்தந்தாண்ணே. வாங்காதவனுவ எல்லாம் நல்லவனுவளா ரூம்ல கெடக்கானுவ" என்றார். பஸ் ஏறிவிட்டார்.

அந்த எண்ணை நீக்கச் சொல்லி அதிகாரியிடம் போய் நின்றேன். "மெசேஜ் போய்ச் சேந்துருச்சுங்களே, ரிப்போர்ட்டுக்கு ஆகுமுங்க. இருக்கட்டுமுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறும் அந்த ஜன்னலுக்குச் செய்தி போனது, அவர் பெயரோடு.