நிறைந்தபடியே திரும்பிய பாட்டில்

அம்மா உப்பளத்துக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும். பழைய குளிர்பான பாட்டில் அது. மூடி மட்டும் வேறொரு பாட்டிலுடையது. விடியும் முன்பே கிளம்பிப் போய், உப்பைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டிவிட்டு, மதியம் அவள் திரும்பும்போது அதில் ஒரு வாய்கூடக் குறைந்திருக்காது. வெயிலில் சூடேறிப்போன அந்தத் தண்ணீரைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் வாசலில் இருந்த கனகாம்பரத்துக்கு ஊற்றுவேன். மரக்காணத்து உப்புக் காற்றில் எங்கள் தெருவில் வேறு எந்தச் செடியும் அப்படிப் பூத்ததில்லை என்று எனக்குப் பெருமைகூட உண்டு. படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பாட்டில் ஏன் நிறைந்தே திரும்புகிறது என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார். அவரை ஊரில் எல்லோரும் நர்சம்மா என்பார்கள்.

சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வந்துபோன சுகாதாரச் செவிலியர் அவர். குள்ளமான உருவம், தெருக்கோடி வரை கேட்கும் குரல். "இன்னா பண்ணுது?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வார். உப்பளத்துப் பெண்களுக்கு வலி எங்கே என்று நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. காலையில் எழுந்ததில் ஆரம்பித்து, மாமியார், ரேஷன் கடை, முதுகில் அடித்த வெயில் என்று ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் அடிவயிற்றுக்கு வந்து சேர்வார்கள். நர்சம்மா ஒன்று விடாமல் எழுதுவார். பதிவேட்டில் குறிப்பு எழுத விரல் அகலத்துக்குத்தான் கட்டம் இருந்தது என்பதால் சொந்தமாக லாங் சைஸ் நோட்டு வாங்கி வைத்திருந்தார். ஆய்வுக்கு வந்த ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்து, "என்னம்மா, தொடர்கதை எழுதுறீங்களா?" என்று கேட்டாராம். உப்பளத்துப் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் வேண்டும் என்று நர்சம்மா கொடுத்த மனுக்களெல்லாம், ஆதாரம் இணைக்கவும் என்ற குறிப்போடு திரும்பி வந்தன. ஆதாரம் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் நோட்டு நோட்டாகக் கிடந்தது. அத்தனையையும் உட்கார்ந்து படிக்கத்தான் ஆள் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, புதுச்சேரியில் ஒரு சிறிய ஆராய்ச்சிக் குழு கம்ப்யூட்டரைக் கொண்டு தமிழ் வாக்கியங்களிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு நேரே போய் இறங்கிவிட்டார். தை பிறந்தால் மறுபடி உப்பு வேலை தொடங்கிவிடும், அதற்குள் அறிக்கை வேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. நோயாளிகளின் பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டு, நோட்டுகளைத் தட்டச்சு செய்தார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள். திரையில் ஒரு வாக்கியம் வரும். அதில் உபாதைக்குச் சிவப்பு, எத்தனை நாளாக என்பதற்குப் பச்சை, வேலை செய்யும் இடத்துக்கு நீலம், காரணத்துக்கு மஞ்சள் என்று நான் நிறம் போட வேண்டும். நான் நிறம் போட்ட பக்கங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டர் மற்ற பக்கங்களுக்குத் தானே நிறம் போடக் கற்றுக்கொள்ளும். இந்தச் சொல் வந்தால் இந்த நிறம் என்று அதற்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. எந்தச் சொல் எதற்குப் பக்கத்தில் வருகிறது, எந்தப் பேச்சுக்குப் பின் எந்தப் பேச்சு வருகிறது என்பதிலிருந்து அதுவாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். நடக்கிற காரியமா என்றுதான் நான் நினைத்தேன்.

முதல் சோதனை அன்று நர்சம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் அதுவரை பார்த்தேயிராத ஒரு பக்கத்தைக் கொடுத்தோம். "கண்ணுக்குள்ள மணலைக் கொட்டுன மாதிரி இருக்குது" என்று யாரோ ஒருத்தி சொன்ன வரி. நான் நிறம் போட்ட பக்கங்களில் மணல் என்ற சொல்லே வந்ததில்லை. இருந்தும் அந்த வரி முழுவதும் சிவப்பாகிவிட்டது. நர்சம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத யாரும்மா சொல்லிக் குடுத்தது இதுக்கு?"

"யாரும் சொல்லல நர்சம்மா. அதுவே கத்துக்கிச்சு."

அவர் மெல்லக் காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்தார். கம்ப்யூட்டர் முன்னால் செருப்பைக் கழற்றிய ஒரே மனுஷி அவராகத்தான் இருக்கும். நான் சிரித்துவிட்டேன், ஆனால் எனக்கும் உடம்பு சிலிர்த்துத்தான் போயிருந்தது.

அந்தச் சந்தோஷம் டீ வரும்வரைகூட நிலைக்கவில்லை. பக்கங்களை நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "ஏம்மா, இதுக்கு ஏன் கலரே இல்ல?" என்று கேட்டார். 'காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்கிறார்' என்ற வரி அது. அடுத்த பக்கத்திலும் அப்படி ஒரு வரி, அதற்கடுத்ததிலும். எல்லாமே நிறமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தன.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே நர்சம்மா. உப்பளத்துல யாரு தண்ணி குடிக்கிறாங்க? குடிச்சா எங்க ஒதுங்கறது, சுத்தி வெட்டவெளி. எங்கம்மாகூடத்தான் குடிக்காது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே காதில் விழுந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மெட்ராஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்திருந்தா, இன்னா இது, இந்த வெயில்ல தண்ணியே குடிக்கலியான்னு பதறிப் போயி கலர் போட்டிருக்கும். உனக்குப் பழகிப்போச்சு" என்றார். உள்ளூர்க்காரி என்பதற்காகத்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. உள்ளூர்க்காரி என்பதால்தான் அந்த வரி எனக்குத் தகவலாகவே தெரியவில்லை. என் கண்ணில் படாதது கம்ப்யூட்டர் கண்ணிலும் படவில்லை. நல்ல மாணவியைப் போல, நான் விட்டதையெல்லாம் அதுவும் விட்டிருந்தது. நர்சம்மா இத்தனை வருடம் எழுதி வைத்ததன் உயிரே அந்த வெள்ளை வரிகளில்தான் இருந்தது.

மார்கழி பிறந்துவிட்டிருந்தது. குழுத் தலைவர் காலண்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். தண்ணீருக்கென்று தனி நிறம், ஆரஞ்சு. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று நர்சம்மா தேர்ந்தெடுத்தது. தினமும் பஸ் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் விட்டுவிடப் பார்த்த வரிகளில் விரலை வைத்தார். எல்லாம் முடிந்து, நான் தொடாத நோட்டுகளை மொத்தமாகக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தோம். ஒரு மனுஷி தன் உத்தியோக காலம் முழுவதும் எழுதியதை, நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அது படித்துவிட்டது. திரையில் பக்கம் பக்கமாக ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றன. தண்ணீர் குடிக்காதது ஆரஞ்சு, நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் சிவப்பு.

அதில் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. பெயர் இல்லை, எண்தான். 'பாட்டில் கொண்டுபோவதோடு சரி. வீணாகவில்லை, மகள் கனகாம்பரத்துக்கு ஊற்றிவிடுகிறாள் என்று சொல்லிச் சிரிக்கிறார். மூன்று நாளாகச் சிறுநீர் போகும்போது எரிச்சல். நாளைக்கு வேலை வேண்டாம் என்றேன். மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டும், போவேன் என்கிறார்.'

தண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. குடிக்கவில்லை என்ற சொல்லும் இல்லை. ஆனால் 'மகள் கனகாம்பரத்துக்கு ஊற்றிவிடுகிறாள்' என்பதன் மேல் ஆரஞ்சு நிறம் விழுந்திருந்தது. அதற்கு அம்மாவைத் தெரியாது, எங்கள் வாசல் தெரியாது, தாகம் என்றால் என்னவென்றே தெரியாது. வெறும் சொற்களின் நடையைப் பார்த்தே, இங்கே ஒருத்தி குடிக்காமல் இருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிட்டது. அந்தத் தண்ணீரைத் தினமும் கையில் வாங்கிய எனக்கு அது உறைக்கவில்லை. வெட்கமா பிரமிப்பா என்று பிரிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பரீட்சை எழுதிய மகளும் நான்தானே.

"நம்பர் போட்டா எனக்கு ஆளு தெரியாதா?" என்றார் நர்சம்மா, என் முதுகில் கையை வைத்து. "இது எப்ப வெளிய வரும்னுதான் பார்த்துக்கினு இருந்தேன்."

அறிக்கை தை பிறக்கும் முன் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முகப்பில் ஒரே ஒரு பக்கம்தான். கம்ப்யூட்டரில் அதன் எந்த வரியை அழுத்தினாலும் அது எந்த வாக்கியத்திலிருந்து வந்ததோ அந்த வாக்கியம் திறக்கும். அதைப் பார்த்த அதிகாரி ஒரு பெண். முதல் வாக்கியத்தைத் திறந்தவர் மதியச் சாப்பாட்டை மறந்து படித்துக்கொண்டே போனார் என்று குழுத் தலைவர் வந்து சொன்னார். அரசாங்க வேலை தைக்குள் முடியுமா? சித்திரையில்தான் உப்பளக் கரையில் இரண்டு கழிப்பறையும் ஒரு குழாயும் நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகையும் வந்தன. திறந்த அன்று நர்சம்மா ஒரு சொம்பு தண்ணீரைப் பிடித்து நேராக அம்மாவிடம் போனார். "குடி. நான் பார்க்கணும்." அம்மா கூச்சத்தோடு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அண்ணாந்து முழுச் சொம்பையும் குடித்தாள். நர்சம்மா பையைத் துழாவி நோட்டை எடுத்து, நின்றபடியே என்னவோ எழுதிக்கொண்டார்.

இப்போது நர்சம்மா ஓசூரில் தன் மகளோடு இருக்கிறார். போன வாரம் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கனகாம்பரம் தலை தொங்கிப்போய் நின்றது. பூச்சி விழுந்திருக்குமோ என்று இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. உள்ளே போனால், அடுப்பங்கரை மேடையில், குழாய் வந்த பிறகும் கொஞ்சமாவது மிச்சத்தோடு திரும்பிக்கொண்டிருந்த பாட்டில் காலியாகக் கவிழ்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் செடிக்கு நானாக ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. அம்மா குடிக்காததைத்தான் ஊற்றியிருக்கிறேன். குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டுகொண்டு வாசலுக்குப் போனேன்.