பிள்ளை சொன்னதை நம்பியவர் எங்கள் அக்கா

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். அக்காவின் அன்பையும் கைப்பக்குவத்தையும் பற்றி மட்டும் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் சிலர் அக்காவோடு வருடக்கணக்காகப் பேசாமல் இருந்தவர்கள். அது ஏன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

அக்கா வடமராட்சியில், கரவெட்டியில் பிறந்தார். அவர் மூத்தவர், நான் இளையவன். அம்மா காய்ச்சலில் காலமானபோது அக்கா பள்ளிக்கூடம் போகும் சிறுமி, நான் தவழும் குழந்தை. அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. எங்களை உறவினர் ஒருவர் வீட்டில் விட்டார். அக்கா படிப்பை நிறுத்தி, அந்த வீட்டு வேலைகளையும் பார்த்து, என்னையும் வளர்த்தார். பக்கத்து வீட்டில் தையல் பழகினார். போர் எங்களை ஊர் ஊராக அலைத்த பிறகு, அத்தானை மணந்து பாரிசுக்கு வந்தார். சில ஆண்டுகள் கழித்து என்னையும் இங்கே கூப்பிட்டார்.

வந்த புதிதில் அக்கா ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்தார். அத்தான் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். இருவரும் சேர்ந்து பாடுபட்டு, பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு சின்னத் தையல் கடையைத் திறந்தார்கள். சட்டை தைப்பிக்கவும் நடன உடுப்புத் தைப்பிக்கவும் திரான்சி, ஓல்னே போன்ற புறநகர்களிலிருந்தும் பெண்கள் வருவார்கள். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லி இரக்கப்பட வந்தவர்களை அக்கா கதைக்க விட்டதில்லை. "அளவு எடுப்பமா?" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

அந்தக் கடையில்தான் அது நடந்தது.

புறநகர் ஒன்றில் எங்கள் ஆட்கள் நடத்திய வார இறுதித் தமிழ்ப் பள்ளி இருந்தது. ஊரின் பெயரை எழுதவில்லை. ஆண்டு விழாவுக்கு உடுப்புத் தைக்க ஒரு தாய் தன் மகளைக் கூட்டி வந்தார். பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குச் சாமான் வாங்கப் போனார். அக்கா தோளில் அளவு நாடாவை வைத்ததும் பிள்ளை திடுக்கிட்டுச் சுவரோடு ஒதுங்கியது. அக்கா நாடாவைக் கீழே வைத்துவிட்டு, நிலத்தில் உட்கார்ந்தார்.

"ஏனம்மா, பயந்திட்டியா? நான் தொடேல்லை. நீயே நாடாவைப் பிடி."

பிள்ளை நாடாவை வாங்கி விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தது. பிறகு பிரெஞ்சில் சொன்னது. விழா முடிந்ததும் தமிழ்ப் பள்ளி ஆசிரியருடைய காரில் ஏறத் தனக்கு விருப்பமில்லை என்று அம்மாவிடம் அன்ரிதான், அதாவது அக்காதான், சொல்ல வேண்டும் என்றது. அந்த ஆசிரியர் சம்பளம் வாங்காமல் படிப்பித்தவர். வாகனம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தானே கொண்டுபோய் விடுவார். எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு பிள்ளை சொன்னவற்றை நான் எழுதமாட்டேன். அவை அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானவை. அக்கா துருவித் துருவிக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். "நீ சொன்னது நல்லது. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. நான் உன்னை நம்புறன்" என்று சொல்லி, தாய் வரும்வரை பக்கத்தில் இருந்தார்.

தாய் கேட்டதும் கதிரையில் இருந்துவிட்டார். கணவர் ஊரில் காணாமல் போனவர். அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தது.

"அக்கா, எனக்கு விசா இல்லை. பொலிசுக்குப் போனால் என்னைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள். பிறகு இவள் ஆரோடை இருக்கிறது?"

"நான் விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன். ஆனால் இனி அந்தக் காரிலை இவள் ஏறக்கூடாது."

அக்காவின் பிரெஞ்சு மீன்கடைக்குப் போதும், அதிகாரிகளிடம் போதாது. தன்னிடம் சட்டை தைப்பிக்கும் ரோசலி அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் புதுச்சேரிக்காரர், மேரியில், அதாவது நகரசபையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசைக்குப் போன சேலையோடு நேரே கடைக்கு வந்தார். மறுநாள் இருவரும் பிள்ளை படிக்கும் பிரெஞ்சுப் பள்ளியின் சமூக சேவையாளரைச் சந்தித்தார்கள். முறைப்பாடு கொடுக்க விசா தேவையில்லை, குழந்தைக்கு நடந்ததுதான் முக்கியம் என்று அவர் சொன்னதை ரோசலி அம்மா தாய்க்கு விளங்கப்படுத்தினார். "பயப்படாதீங்கம்மா. ஒவ்வொரு ரான்தேவூவுக்கும், எந்த ஆபீசுக்குக் கூப்பிட்டாலும், நான் கூட வர்றேன்." சொன்னபடியே வந்தார்.

செய்தி கசிந்தது. தமிழ்ப் பள்ளி நிர்வாகத்தினர் அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். உணவகமொன்றின் பின்னறையில் தேநீர் ஆற ஆற ஒருவரும் குடிக்கவில்லை. தலைவர் கெட்ட மனிதர் அல்ல. பள்ளியைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்தவர்.

"அக்கா, மாஸ்டரைக் கூப்பிட்டு நாங்களே கதைக்கிறம். அவர் விலகட்டும். பொலிஸ் எண்டு போனால் பள்ளிக்கூடத்தையே பூட்டிப்போடுவாங்கள்."

"பூட்டினால் பூட்டட்டும் தம்பி. தமிழை வீட்டிலையும் படிப்பிக்கலாம்."

"பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு அவளின்ரை பேரும் எல்லோ கெடும்?"

"அவளின்ரை பேர் ஏன் கெடுறது? அவள் என்ன செய்தவள்?"

அக்கா எழுந்தார். "இஞ்சையிருந்து விலகினால் அவர் வேறை இடத்திலை படிப்பிப்பார். நாளைக்கு நாங்கள் பொலிசுக்குப் போறம். உங்களிட்டை அனுமதி கேட்க வரேல்லை, சொல்லத்தான் வந்தனான்."

போனார்கள். பிள்ளைகளை விசாரிப்பதற்கென்றே பொம்மைகளும் சின்னக் கதிரைகளும் வைத்த அறை அங்கே இருந்தது. பிள்ளை உள்ளே இருந்த நேரம் முழுவதும் அக்கா தாயின் கையைப் பிடித்தபடி நடைபாதையில் இருந்தார். ஆசிரியர் எல்லாவற்றையும் மறுத்தார்.

அதன்பின் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் குறைந்தார்கள். தைக்கத் தந்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கினார்கள். கோயில் அன்னதானத்தில் அக்கா இருந்த வரிசையில் பக்கத்து இடங்கள் வெறுமையாக இருந்தன. "பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளையளைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். அன்று மட்டும் அக்கா வீட்டுக்கு வந்து அழுதார். அத்தான் அடுப்படியிலிருந்து வந்து சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "நீ கடையைத் திற. ஆக்கள் வராட்டில் நான் இன்னொரு வேலை எடுக்கிறன்." எடுத்தார்.

ஒரு மாரிக்காலப் பகலில் ஒரு பெண் தைக்க எதுவுமில்லாமல் கடைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, "அக்கா, என்ரை மகளும் அந்தக் காரிலை வாறவள்" என்றார். பிறகு இன்னொரு குடும்பம் வந்தது. ரோசலி அம்மா எல்லோருடனும் போனார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் நீதிமன்றம் அந்த ஆசிரியரைக் குற்றவாளி என்று கண்டு சிறைக்கு அனுப்பியது. தீர்ப்பைக் கேட்டு அக்கா மகிழவில்லை. "முதலே ஆராவது ஒராள் கேட்டிருந்தால்..." என்றார்.

பள்ளி பூட்டப்படவில்லை. தலைவர் தானே கடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், "அக்கா, இனி என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ" என்று நின்றார். அக்கா அவருக்குக் கதிரை போட்டார். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையைத் தனியாக வாகனத்தில் ஏற்றக்கூடாது, தனக்குப் பிடிக்காத தொடுகையை யாரிடமும் மறுக்கலாம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டும் என்று அன்று பேசி முடிவெடுத்தார்கள். பின்னர் மற்றப் பள்ளிகளும் நடன வகுப்புகளும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டன. இந்த விஷயம் அறிந்தவர்களை அழைத்து வந்து அக்கா பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி வைத்தார்.

எபினே என்ற புறநகரில் நடந்த கூட்டமொன்றில் ஒரு தகப்பன் எழுந்து கேட்டார். "தொட்டால் குற்றம், அடிச்சால் குற்றம் எண்டால் பிள்ளையளை எப்பிடி வளர்க்கிறது? நாங்கள் அடி வாங்கித்தானே வளர்ந்தனாங்கள்?"

"நானும் வாங்கினனான்" என்றார் அக்கா. "தம்பி இரவிலை அழுதால் அந்த வீட்டிலை எனக்குத்தான் அடி. அழாமல் இருக்க அவனைத் தோளிலை போட்டுக்கொண்டு முற்றத்திலை நடப்பன். அந்த அடியாலை நான் நல்லாய் வளர்ந்தனான் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை, தம்பி."

பின்வரிசையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவன் நான். அவர் தோளில் கிடந்தவன் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போகும்போது ரயிலில், "ஏன் அக்கா எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொன்னால் நீ அழுததுக்குக் கவலைப்படுவாய். குழந்தை எண்டால் அழத்தானே செய்யும்" என்றார்.

நோய் வந்த பிறகும் அவர் ஓயவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே தொலைபேசியில் பயிற்சிக்கு ஆள் பிடித்தார். தாதி திட்டினால், பேசி முடித்துவிட்டதாகச் சைகை காட்டுவார். முடித்திருக்கமாட்டார். கடைசி வாரத்தில் அன்றைய சிறுமி வந்திருந்தார். இப்போது அவர் வேலைக்குப் போகும் பெண். தாய்க்கும் விசா கிடைத்துவிட்டது. மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன், உங்களைப் பற்றி எழுதலாமா என்று பிற்பாடு அவரிடம் கேட்டேன். "எழுதுங்கோ மாமா. பேரைப் போடாதேங்கோ. ஆனால் அன்ரி என்னை நம்பினவ எண்டதைக் கட்டாயம் எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டேன்.

அக்கா நோயுற்ற காலத்தில் கஞ்சி கொண்டுவந்த அயலவர்களுக்கும், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், செய்தி கேட்டு ஓடிவந்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், தகனக் கிரியைகளைச் செய்து தந்த ஐயாவுக்கும், ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் அழைத்துப் பேசிய சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நீண்ட காலம் பேசாதிருந்துவிட்டு அன்று பெட்டியருகே வந்து நின்றவர்களுக்கும் நன்றி. கொடுத்த ஒரு வாக்குக்காக ஆண்டுக்கணக்காய் அலைந்த ரோசலி அம்மாவுக்கு நன்றி என்ற சொல் சிறியது. அத்தானுக்கு அதுவும் சொல்ல முடியாது.

தகனத்தன்று மண்டப வாசலில், நான் முன்பின் அறியாத ஒரு இளம் தாய் என்னை நிறுத்தினார். கையில் பிள்ளை இருந்தது. "அண்ணை, அக்கா இல்லையெண்டால் இனி நாங்கள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அவர் இன்று வந்திருக்கிறாரோ தெரியாது. அதனால் எழுத்திலேயே சொல்கிறேன். தங்கச்சி, சனிக்கிழமைகளில் லாச்சப்பலில் கடை திறந்திருக்கும். அத்தான் இருப்பார், ரோசலி அம்மா இருப்பார், நானும் இருப்பேன். வாருங்கோ. நாங்கள் கேட்போம், நம்புவோம், கூட வருவோம்.