சிப் வைத்த சீலையும் பின்கொய்யகமும்

போன கிழமை என் மகள் ரவுண் கடையொன்றிலிருந்து ஒரு சீலை வாங்கிக்கொண்டு வந்தாள். பையிலிருந்து எடுத்து உதறினாள். முன்னால் வருகிற மடிப்பை, கொய்யகத்தை, ஏற்கனவே மடித்துத் தைத்திருந்தார்கள். முந்தானையும் தோள் அளவுக்கு மடித்துத் தைத்துத்தான் இருந்தது. இடுப்பில் ஒரு சிப். காற்சட்டைக்கு வைக்கிறார்களே, அதே சிப்.

“பாவாடைக்குள்ள இறங்கிற மாதிரி இறங்கி, சிப்பை இழுத்தாச் சரி அப்பா. ரெண்டு நிமிசம்.”

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது இந்த வீட்டில் புதினமில்லை. பஸ் பிந்தினாலும் வரும், சொதியில் உப்புக் குறைந்தாலும் வரும். ஆனால் இது வேறு கோபம்.

“சீலைக்குச் சிப் வெச்சவன் எவன்? அவனை ஒருக்காக் கூட்டிட்டு வா” என்றேன்.

குசினிக்குள் இருந்து மனைவி சிரித்தாள். “அவருக்கிட்ட ஏன்டி காட்டினாய்? இனி விடியும்வரைக்கும் கதைப்பார்.”

விடியும்வரை கதைக்கவில்லை. அந்தச் சீலையை எடுத்து மணந்து பார்த்தேன். பிளாஸ்டிக் கதிரை மாதிரி மணத்தது. புதுச் சீலைக்கு ஒரு மணம் இருக்க வேண்டும். கைத்தறி என்றால் கஞ்சியும் சாயமும் கலந்த மணம், மூக்கைக் கொஞ்சம் அரிக்கும். நைலெக்ஸ் என்றால் ஒரு இனிப்பு மணம். கண்ணை மூடிக்கொண்டு மணந்தே எது என்ன என்று சொல்லக்கூடிய ஆளாக நான் இருந்தேன். மட்டக்களப்பு ரவுணில் ஒரு புடவைக்கடையில் ஒன்பது வருசம் நின்றவன் நான்.

நின்றவன் என்றால் சும்மா நிற்கவில்லை. சீலை உடுத்துக்கொண்டு நின்றேன்.

கூத்தில் ஆம்பிளை பெண்வேசம் கட்டி ஆடினால் ஊரே பாயைப் போட்டு உட்கார்ந்து பார்க்கும், முடிந்ததும் மாலை போடும். நான் பட்டப்பகலில், கடைக்குள், காற்சட்டைக்கும் சேட்டுக்கும் மேலே உடுத்தேன். அதற்கு மாலை இல்லை. அந்தக் காலத்தில் பல கடைகளில் இது வழக்கம்தான். சீலை எடுக்க வரும் பெண்களுக்கு, விற்கிற ஆம்பிளை தன் மேலே போட்டுக் காட்டுவான். மற்றவர்கள் தோளில் எறிந்து காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். நான் முழுதாக உடுப்பேன். இடுப்புப் பட்டிக்குள் செருகி, கொய்யகம் பிடித்து, முந்தானை விட்டு, கண்ணாடிவரை நடந்து காட்டுவேன்.

முதலாளி காத்தான்குடி ஹாஜியார். அதிகம் பேசாத மனுசன். என்னோடு நின்ற ரஹீமும் காத்தான்குடிதான். அவன் ஹாஜியாருக்கும் சேர்த்துப் பேசுவான். நான் செட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். ரஹீம் தாடிக்காரன். “நான் உடுத்தா சீலை விக்காது மச்சான், சனம் ஓடிரும்” என்று சொல்லி எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிடுவான்.

உண்மையைச் சொல்கிறேன். அவன் கட்டிவிடவில்லை. எனக்கு விருப்பம்.

இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. ஆறு யார் நீளத் துணி, ஒரு தையல் கிடையாது. மேசையில் கிடந்தால் வெறும் துணி. ஆளின் மேலே ஏறினால் நிற்கிற நிற்பே மாறிவிடும். நான் கூனல் போட்டு நடக்கிறவன், என் அம்மா எத்தனை தரம் முதுகில் தட்டியிருக்கிறாள். சீலை உடுத்தால் தானாக நிமிர்ந்துவிடுவேன். ஒரு நாள் கடையில் வந்த புதுச் சல்வாரையும் போட்டுப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத நோயாளி மாதிரி இருந்தேன். கலியாணத்துக்குப் பிறகு மனைவியின் நைட்டியையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். அது உடுப்பே இல்லை, தலைவழியாக இறங்குகிற கூடாரம். சல்வாரில் எனக்குக் கோபமில்லை, பிள்ளைகள் சைக்கிள் ஓடலாம். ஆனால் அவையெல்லாம் போட்டுக்கொள்கிற உடுப்பு. சீலை உடுக்கிற உடுப்பு.

அதிலும் எனக்குப் பிடித்தது பழைய கட்டு. கொய்யகத்தை முன்னால் வைக்காமல் பின்னால் வைப்பது. இடுப்புக்குப் பின்னால் மடிப்புகள் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். பின்கொய்யகம் என்பார்கள். காலில் தட்டாது, ஆற்றுக்குள் இறங்கலாம், வயல் வட்டைக்குள் வேலை செய்யலாம். நான் கடையில் நிற்கும்போதே அப்படி உடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வாவிக் கரையில் இறால் பிடிக்கிற இரண்டு மூன்று வயதான பெண்களிடம் பார்த்ததுதான். பஸ் பாலத்தில் நிற்கும்போது எட்டிப் பார்த்துப் பார்த்து, கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் செய்து பழகினேன். முதல் தரம் நாலு அடி வைத்தேன், முழுச் சீலையும் நிலத்தில். ரஹீம் அதை மிதித்துக்கொண்டு நின்று சிரித்தான். அந்த விசிறி விழாமல் இருக்க வேண்டுமென்றால் கை அடிக்கடி பின்னால் போய் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த வயதான பெண்களின் கையும் அப்படிப் போனதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கினார்கள். முதல் பேச்சு முறிந்தது. காரணம் நேராகவே சொல்லி அனுப்பினார்கள்: “பொடியன் கடையில சீலை உடுத்து ஆடுறானாம்.” ஆடவில்லை, நடந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மா அழுதாள். இரண்டாவது பேச்சு வந்தபோது என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். “கலியாணம் முற்றாகும்வரைக்கும் சீலையைத் தொட்டு உடுக்கமாட்டன் எண்டு சொல்லு. இதுவும் முறிஞ்சா மறுகா ஒருத்தரும் வரமாட்டாங்க.” பனிச்சங்கேணிப் பக்கம் பெண். நான் சத்தியம் பண்ணினேன்.

மூன்று கிழமை காப்பாற்றினேன். சீலைகளை மேசையில் விரித்து, “இது நல்ல நிறம், இது நல்ல கரை” என்று பொம்மை மாதிரிச் சொன்னேன். வந்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஹாஜியார் என்னைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பஸ் தூசி தலையில் இருந்தது, தூரத்து ஆட்கள். தாய் கைத்தறி கேட்டாள். ரஹீம் எடுத்துப் போட்டான். அரக்கு நிறம், மஞ்சள் கரை. மருதமுனையில் நெய்தது. முதல்நாள்தான் கட்டு அவிழ்த்தது. அதை நான் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

“மேசையில கிடந்தா என்ன விளங்கும்? உடுத்தா எப்பிடி இரிக்கும்?” என்றாள் தாய்.

ரஹீம் என்னைப் பார்த்தான். “மச்சான் இப்ப நோன்பு” என்றான்.

“என்ன நோன்பு?”

“சீலை நோன்பு.”

நான் அவனை முறைத்துவிட்டு அந்தச் சீலையைப் பார்த்தேன். பிறகு அம்மாவை நினைத்தேன். பிறகு திரும்பவும் சீலையைப் பார்த்தேன். அம்மா தோற்றுப்போனாள்.

முதலில் எல்லாரும் உடுக்கிற மாதிரி உடுத்துக் காட்டினேன். தாய் தலையை ஆட்டினாள். அதுவரை வாய் திறக்காத மகள், “பழைய மாதிரித் தெரியுமா? பின்னால கொய்யகம் வெச்சு?” என்று கேட்டாள்.

அப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவிழ்த்து, திரும்ப உடுத்தேன். கைத்தறிக்கு மடிப்பு நன்றாக நிற்கும், நைலெக்ஸ் மாதிரி வழுக்காது. விசிறி அப்படியே நின்றது. கண்ணாடிவரை நடந்தேன். திரும்பி, பக்கவாட்டில் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

“காணும்டா, கண்ணாடி தேஞ்சிரும்” என்றான் ரஹீம்.

தாய் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “தம்பிக்கு இது விருப்பம் போல.”

மற்றவனென்றால் “என்ன செய்யிறது அக்கா, வேலைதானே” என்று சொல்லித் தப்பியிருப்பான். எனக்கு அந்தப் புத்தி இல்லை. “ஓம். விருப்பம்தான். விருப்பமில்லாம உடுத்தா கொய்யகம் நிக்காது.”

“ஆக்கள் சிரிக்கிறதில்லையா?”

“சிரிக்கிறவன் சிரிக்கட்டும். சிரிக்கிறவன்ட பொண்டாட்டியும் இஞ்சதான் வந்து சீலை எடுக்கிறாள்.”

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா கோபமா என்று விளங்கவில்லை. பேச்சை மாற்றலாமென்று, “கலியாணத்துக்கா எடுக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“ஓம். இன்னும் முற்றாகல்ல. பனிச்சங்கேணியிலிருந்து வாறம். மாப்பிள்ளைய ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்க.”

“பாத்திட்டீங்களா?”

“இப்ப பாத்துக்கொண்டுதான் நிக்கிறம்.”

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பது. வீட்டுக்குள் எடுக்கப்போகிறவனைப் பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வேலை செய்கிற இடத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவார்கள். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் புத்தி வரவில்லை. சீலையை அவிழ்க்கலாம் என்று பார்த்தால் தோளில் குத்திய ஊசி சேட்டோடு மாட்டிக்கொண்டது. ரஹீம் மேசைக்குக் கீழே எதையோ தேடுவது மாதிரிக் குனிந்தவன் எழும்பவே இல்லை. அவர்கள் சீலையை வாங்கவில்லை. “வாறம் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சீலையோடு வாசல்வரை போய் நின்றேன். தெருவில் போன ஒருவன் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான்.

அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியாது. அவள் அழவில்லை. சோற்றை என் முன்னால் வைத்துவிட்டு, “திண்டிட்டுச் சீலையை உடுத்துக்கொண்டு படு” என்றாள். நாலு நாள் வேறு பேச்சு இல்லை.

ஐந்தாம் நாள் தரகர் கடைக்கே வந்தார். வந்தவர் என்னோடு பேசாமல் ஹாஜியாரிடம் போய், “பொம்புளை ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கு. அந்த அரக்குச் சீலையை வேற ஒருத்தருக்கும் குடுக்க வேணாமாம்” என்றார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். “இரிக்கா, வித்திட்டீங்களா?”

விற்கவில்லை. அவர்கள் போன அன்றே மேல்தட்டில், வெள்ளைத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். ஏணி வைத்து ஏறி எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கடையில் நான் ஹாஜியார் சிரித்துப் பார்த்த ஒரே நாள் அது.

கலியாணத்துக்குப் பிறகு மனைவியிடம் கேட்டேன், ஏன் ஓம் என்றாய் என்று. “எங்கட அம்மாவுக்கு உங்கட பொய் சொல்லாத வாய் பிடிச்சிது. எனக்கு உங்கட கை பிடிச்சிது” என்றாள். “கண்ணாடிக்கு முன்னால நிக்கக்குள்ள உங்கட கை தானாப் பின்னால போய்க் கொய்யகத்தைத் தொட்டிச்சு. பகிடிக்கு உடுத்தவன்ட கை அப்பிடிப் போகாது.”

கோயில் திருவிழாவென்றால் அவளுக்கு நான்தான் அந்தச் சீலையைப் பின்கொய்யகம் வைத்து உடுத்துவிடுவேன். எனக்கு உடுக்க வேண்டும் போல இருந்தால் நானும் உடுப்பேன், வீட்டுக்குள். அவள் படியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டே, “வலப்பக்கம் தூக்கியிரிக்கு” என்பாள். மாமியும் பார்த்திருக்கிறாள். “நெருப்புக்குக் கிட்டப் போகாத மகன், கைத்தறி” என்று சொன்னாளே தவிர வேறு ஒன்றும் சொன்னதில்லை. பிறகு அந்தச் சீலை மகளைப் போட்டு ஆட்டுகிற ஏணை ஆனது. ஏணை நைந்து, துண்டு துண்டாகி, கடைசித் துண்டால் அடுப்பிலிருந்து சட்டி இறக்கினோம்.

கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். மற்றப் புடவைக்கடைகளில் தலையில்லாத பொம்மைகள் சீலை உடுத்துக்கொண்டு நிற்கின்றன, ஒன்றுக்கும் நடக்கத் தெரியாது. ரஹீம் கட்டாருக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டான். தாடி வெள்ளை. வழியில் கண்டால், “மச்சான், நோன்பு எப்பிடி?” என்று இன்றைக்கும் கேட்பான்.

ஏணையில் படுத்த மகள் சிப்பை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். சொன்ன மாதிரி இரண்டு நிமிசம்தான். “எப்பிடியப்பா இரிக்கு?”

“நடந்து காட்டு” என்றேன்.

வாசல்வரை நடந்து திரும்பினாள். வடிவாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அதைச் சொன்னேன். ஒரு மடிப்பும் அசையவில்லை. அசையாது, தைத்தது. அவளுடைய கை ஒரு தரமும் இடுப்புக்குப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. கையில் போன் இருந்தது.

என் கை இன்னும் போகிறது. சாரம் உடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட, தானாகப் பின்னால் போய் இடுப்பில் நாரியைத் தொட்டுப் பார்க்கும். முன்பென்றால் வாவிக் கரையில் நிற்கிற எந்தப் பெண்ணும் கண்டவுடன் அது என்னவென்று சொல்லியிருப்பாள். இப்போது பக்கத்தில் நிற்கிறவர்கள், “நாரி நோவா அண்ணே?” என்று கேட்கிறார்கள்.

ஓம் என்று சொல்லிவிடுகிறேன்.